மழைக்கால ரிஜெக்‌ஷனும் ஓர் உலோகச் சங்கமும்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. டிப்ளமோ முடித்துவிட்டு பெங்களூர் வந்ததையும், பீன்யாவில் ஒரு அலுமினிய வார்ப்புப் பட்டறையில் மெல்ட்டிங் பகுதியைக் கவனித்துக்கொள்வதையும் எழுதியிருந்தீர்கள். உலோகவியலாளர் சங்கத்தில் சேரச் சொல்லி ஒருவர் உங்களிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். "அது பேராசிரியர்களும் விஞ்ஞானிகளும் கூடுகிற இடம். நைட் ஷிப்ட் பார்க்கிற எனக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். பதிலை உங்களுக்கு மட்டும் அனுப்பாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். ஓசூரிலும் கோவையிலும் அம்பத்தூரிலும் உலை முன்னால் நிற்கிற பலருக்கு இதே தயக்கம் உண்டு.

என் பதில்: சேருங்கள். அதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் ரிஜெக்‌ஷன் கூடுகிறது என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். இங்காட்டை, அதாவது அலுமினியக் கட்டியை, உலை விளிம்பில் வைத்துச் சூடேற்றிப் போட்டாலும், லேடில் என்ற ஊற்றுக் கரண்டியை நன்றாகக் காயவைத்து எடுத்தாலும் அது குறைகிறது என்றும், காரணம் கேட்டால் யாரும் சரியாகச் சொல்வதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு உலோகச் சங்கத்துக்குச் சாப்பாடு போடுவதே இந்த மாதிரிக் குறிப்புகள்தான். முதலில் உங்கள் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டு மேலே போகிறேன்.

உருகிய அலுமினியம் ஈரத்தைக் கண்டால் விடாது. நீராவியில் இருக்கும் ஆக்சிஜனை இழுத்து ஆக்சைடாகிவிடும். மிஞ்சுகிற ஹைட்ரஜன் உலோகக் குழம்புக்குள் கரைந்துபோகும். உருகுநிலையான 660 டிகிரி செல்சியஸில் 100 கிராம் திரவ அலுமினியம் ஏறக்குறைய 0.7 கன சென்டிமீட்டர் ஹைட்ரஜனைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். அதுவே உறைந்து கட்டியானதும் 0.04 கன சென்டிமீட்டர்கூடத் தாங்காது. கிட்டத்தட்ட இருபதில் ஒரு பங்குதான். மீதி வாயு சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் பொங்கி வெளியேறப் பார்க்கும். அந்த நேரத்திலேயே உலோகமும் உறைவதால் குமிழிகள் உள்ளே மாட்டிக்கொள்ளும். மெஷினிங் முடிந்து பிரஷர் டெஸ்ட் வைக்கும்போது கசிவாக வெளிப்படுவது அதுதான்.

ஜூன் தொடங்கி அக்டோபர் வரை பெங்களூர்க் காற்றில் ஈரம் அதிகம். வெளியே அடுக்கிவைத்த இங்காட், வாய் கட்டாத மூட்டையில் கிடக்கும் ஃப்ளக்ஸ், எண்ணெய் ஒட்டிய ஸ்கிராப், பூச்சு சரியாகக் காயாத லேடில் என்று நாலு வழியிலும் ஹைட்ரஜன் உள்ளே வருகிறது. நீங்கள் அதில் இரண்டு வழிகளை அடைத்திருக்கிறீர்கள், ரிஜெக்‌ஷன் குறைந்திருக்கிறது. இதுதான் விஷயம்.

ஆனால் எல்லா ஓட்டையும் வாயு ஓட்டை கிடையாது. ரிஜெக்ட் ஆன வார்ப்பைக் கசிந்த இடத்தில் அறுத்து, எமரி தாளில் தேய்த்து, பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு சின்ன லென்ஸால் பாருங்கள். உருண்டையாக, உட்சுவர் வழவழப்பாக இருந்தால் வாயு. ஓரங்கள் கிழிந்தாற்போல் இருந்து, உள்ளே குட்டிக் குட்டிக் கிளைகளாக உலோகம் நீட்டிக்கொண்டிருந்தால் அது சுருக்கத்தால் வந்தது. அந்த இடத்துக்குக் கடைசியில் உலோகம் போய்ச் சேரவில்லை என்று பொருள். வாயு என்றால் டீகேஸிங்கை, அதாவது குழம்பிலிருந்து வாயுவை வெளியேற்றும் வேலையைப் பார்க்க வேண்டும். சுருக்கம் என்றால், உறையும்போது கூடுதல் உலோகம் ஊட்டும் ரைசரையும் டையின் சூட்டையும் பார்க்க வேண்டும். பல பட்டறைகளில் இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து 'ப்ளோ ஹோல்' என்று ரிஜிஸ்டரில் எழுதிவிடுகிறார்கள். எழுதியதே தவறாக இருந்தால் செய்கிற வைத்தியம் எப்படிப் பலிக்கும்?

இன்னொரு சோதனையும் இருக்கிறது. ஒரே லேடிலிலிருந்து இரண்டு சின்னக் கிண்ணங்களில் உலோகத்தை ஊற்றி, ஒன்றைச் சாதாரணக் காற்றிலும் மற்றொன்றை வெற்றிடப் பம்ப் வைத்துக் குறைந்த அழுத்தத்திலும் உறையவிட வேண்டும். குறைந்த அழுத்தத்தில் குமிழி பெரிதாகும். இரண்டின் அடர்த்தியையும் தண்ணீரில் மூழ்கவைத்து எடைபோட்டு ஒப்பிட்டால், உருகிய உலோகத்தில் எவ்வளவு வாயு இருந்தது என்று ஊற்றுவதற்கு முன்பே ஓரளவு தெரிந்துவிடும். ஜூன் மாதமும் பிப்ரவரி மாதமும் இந்த எண்ணைக் குறித்துவைத்தால் உங்கள் அனுபவம் அளவாக மாறிவிடும். அளவாகிவிட்டால் அதை மறுக்க யாராலும் முடியாது.

காரணம் தெரியாமல் எப்படிப் பேசுவது என்று கூச்சமாக இருக்கும். இந்த இடத்தில் ஆல்ஃப்ரெட் வில்ம் என்ற ஜெர்மானியரின் கதையைச் சொல்ல வேண்டும். 1906-ல் அவர் தாமிரமும் கொஞ்சம் மெக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கி, தண்ணீரில் திடீரென்று குளிரவைத்துக் கடினத்தை அளந்துகொண்டிருந்தார். வார இறுதி கழிந்து மறுபடி அளந்தபோது, யாரும் தொடாமல் வைத்திருந்த அதே துண்டு இன்னும் கடினமாகியிருந்தது. எஃகில் அப்படி நடப்பதில்லை. ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டாலும் பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வெளியிட்டார். அந்தக் கலவைதான் டியூராலுமின். விமானங்களின் உடலும் இறக்கையும் பல பத்தாண்டுகள் அதன் வழிவந்த கலவைகளால்தான் உருவாயின. குளிரவைத்த உலோகத்துக்குள் தாமிரம் மெல்லப் பிரிந்து நுண்ணிய துகள்களாகத் திரள்கிறது என்ற விளக்கத்தை 1919-ல் அமெரிக்காவில் மெரிக்காவும் அவருடைய கூட்டாளிகளும் முன்வைத்தார்கள். பிரான்ஸில் கினியேயும் இங்கிலாந்தில் பிரெஸ்டனும் எக்ஸ் கதிரின் உதவியால் அந்தத் திரள்களின் தடயத்தைத் தனித்தனியே கண்டது 1938-ல். ஆக, கண்டது ஒருவர், காரணம் சொன்னது வேறு சிலர், காட்டியது இன்னும் சிலர். நடுவில் முப்பத்திரண்டு ஆண்டுகள். வில்ம் தன் நோட்டிலேயே பூட்டிவைத்திருந்தால் இந்தத் தொடர் அங்கேயே அறுந்திருக்கும்.

அப்படி ஒருவர் கண்டதை இன்னொருவரிடம் சேர்க்கும் இடம்தான் சங்கம். இரும்பு, எஃகுக்காரர்களுக்கு பிரிட்டனில் 1869-லேயே ஒரு சங்கம் அமைந்துவிட்டது. பித்தளை, செம்பு, ஈயம், துத்தநாகம், அலுமினியத்தில் வேலை செய்தவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. 1908-ல் அவர்கள் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் மெட்டல்ஸ்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். முதல் தலைவர் சர் வில்லியம் ஒயிட், போர்க்கப்பல்களை வடிவமைத்தவர். கப்பல் கட்டுகிறவருக்குப் பித்தளைச் சங்கத்தில் என்ன அக்கறை என்று தோன்றும். நீராவிக் கப்பலில் கண்டென்சர் என்ற பகுதியில் ஆயிரக்கணக்கான மெல்லிய பித்தளைக் குழாய்கள் இருக்கும். உள்ளே கடல்நீர் ஓடும், வெளியே நீராவி குளிர்ந்து தண்ணீராகும். அந்தக் குழாயில் ஒரு ஊசித் துளை விழுந்தாலும் உப்புநீர் கொதிகலனுக்குப் போய்விடும், கப்பல் நின்றுவிடும்.

குழாய் செய்தவர் தண்ணீரைக் குறை சொன்னார். கப்பல்காரர் குழாயைக் குறை சொன்னார். சங்கம் ஒரு அரிமானக் குழுவை அமைத்து, கப்பலிலிருந்து கழற்றிய பழுதான குழாய்களை வாங்கிச் சோதிக்கவைத்தது. கய் பெங்கோ எழுதிய முதல் அறிக்கை 1911-ல் வந்தது. இந்தத் துறையில் நடந்த ஆய்வுகளால் பித்தளையின் நோய் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. கடல்நீரில் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்துபோய், செம்பு மட்டும் கடற்பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக மிஞ்சும். ஒரு சிட்டிகை ஆர்சனிக், சதவீதக் கணக்கில் 0.02 முதல் 0.05 வரை சேர்த்தால் அது நின்றுவிடுகிறது. பிறகு அலுமினியம் 2 சதவீதம் சேர்த்த பித்தளையும், நிக்கல் 30 சதவீதம் சேர்த்த செம்பும் வந்தன. கடலோர மின் நிலையங்களும் கப்பல்களும் அவற்றால் பயனடைந்தன. அரித்துப்போன குழாயை வெட்கப்படாமல் கொண்டுவந்து மேசைமேல் வைத்ததில்தான் இது அத்தனையும் தொடங்கியது.

நம் நாட்டில் அப்படி இரண்டாகப் பிரிக்கவில்லை. 1946-ல் தொடங்கிய இந்திய உலோகவியல் கழகம், அதாவது இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெட்டல்ஸ், இரும்பையும் இரும்பல்லாத உலோகங்களையும் ஒரே கூரையின்கீழ் வைத்தது. தலைமையகம் கொல்கத்தாவில். முதல் தலைவர் டாடா எஃகு நிறுவனத்தின் சர் ஜஹாங்கீர் காந்தி. கழகத்தின் ஆய்விதழ் 1948 முதல் வருகிறது. நவம்பர் 14-ஐ ஒட்டி தேசிய உலோகவியலாளர் தினமும் ஆண்டுக் கூட்டமும் நடக்கின்றன. பல ஊர்களில் கிளைகள் உண்டு. உங்களுக்கு வந்த விண்ணப்பம் பெங்களூர்க் கிளையின் விண்ணப்பமாகத்தான் இருக்கும். இதைத் தவிர அலுமினியத்துக்கென்றே 1981-ல் அமைந்த இந்திய அலுமினியச் சங்கத்துக்கும் பெங்களூர்தான் தலைமையிடம். வார்ப்புக்காரர்களுக்கு 1950-லிருந்து இந்திய வார்ப்பகத்தார் சங்கம் இருக்கிறது. கோவையில் அதற்குச் செல்வாக்கு அதிகம்.

பெங்களூருக்கு இதில் தனி இடம் உண்டு. இந்திய அறிவியல் கழகத்தில் உலோகவியல் துறை 1945-ல் தொடங்கியது. 1951 முதல் 1957 வரை அதன் தலைவராக இருந்தவர் பிரம்ம பிரகாஷ். அந்தத் துறைக்கு முதல் இந்தியத் தலைவர் அவர். லாகூரில் 1912-ல் பிறந்தவர், அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்தவர். பிற்பாடு திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் முதல் இயக்குநரானார். அப்துல் கலாம் எஸ்.எல்.வி. ராக்கெட் திட்டத்தை நடத்தியபோது அவருக்குத் துணைநின்றவர். கலாமின் 'அக்னிச் சிறகுகள்' படித்தவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமானதுதான்.

அவர் பெங்களூரில் இருந்த ஆண்டுகளில் எடுத்துக்கொண்ட வேலைகளில் ஒன்று சிர்கோனியம். அணு உலையில் யுரேனியத்தை வைக்கும் குழாய்க்கு, நியூட்ரானை விழுங்காத உலோகம் வேண்டும். சிர்கோனியம் அப்படிப்பட்டது. ஆனால் இயற்கையில் அதோடு இரட்டைப் பிறவி மாதிரி ஹாஃப்னியமும் ஒன்றிரண்டு சதவீதம் கலந்தே கிடைக்கும். ரசாயனக் குணத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நியூட்ரானை விழுங்குவதில் மட்டும் ஹாஃப்னியம் சிர்கோனியத்தைவிடச் சுமார் 600 மடங்கு மோசம். அதைப் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இறக்கினால்தான் அணு உலைக்கு ஆகும். இதைப் பிரிக்க ஒரு வழியை பிரம்ம பிரகாஷும் சி.வி.சுந்தரமும் 1955-ல் ஜெனீவாவில் நடந்த அணுசக்தி மாநாட்டில் முன்வைத்தார்கள். அந்தச் சுந்தரம் பின்னாளில் கல்பாக்கம் ஆராய்ச்சி மையத்தின் இயக்குநரானார். ஹைதராபாத்தில் சிர்கோனியம் உற்பத்தி தொடங்கியபோது கரைப்பானால் பிரிக்கும் வேறு முறை நிலைத்தது. ஆனாலும் எந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்று பொதுவில் எடைபோட்டுப் பார்க்க அந்தக் கட்டுரை உதவியது.

இந்தக் கதையில் நமக்கு ஒரு பங்கு இருக்கிறது. சிர்கோனியத்தின் மூலப்பொருளான சிர்கான், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் 2009-லிருந்து சிர்கோனியம் ஆலை இருக்கிறது. கல்பாக்கத்து அணு உலைகளில் யுரேனியத்தைத் தாங்கி நிற்பது சிர்கோனியக் கலவைக் குழாய். நம் ஊர்ப் பிள்ளைகள் கால் புதைய விளையாடுகிற மணலைப் பற்றிப் பேசுகிற சங்கம் நமக்கு அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. பிரம்ம பிரகாஷ் நினைவாக இந்திய உலோகவியல் கழகத்தின் பெங்களூர்க் கிளை ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நடத்துகிறது. கல்பாக்கம் கிளை பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு அவர் பெயரில் அகில இந்திய அளவில் வினாடி வினா நடத்துகிறது. உங்கள் அக்கா மகளோ தம்பியோ அந்த வகுப்பில் படித்தால் பள்ளியில் சொல்லிக் கலந்துகொள்ளச் செய்யுங்கள்.

"அதெல்லாம் விஞ்ஞானிகள் செய்தது. கை வேலைக்காரனுக்கு என்ன?" என்று கேட்பீர்கள். கை வேலையின் பங்குக்குப் பழைய சான்று ஒன்று சொல்கிறேன். ஆதிச்சநல்லூர்த் தொல்லியல் களத்திலும் நீலகிரிக் கல்லறைகளிலும் மெல்லிய வெண்கலக் கிண்ணங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் வெள்ளீயம் 22, 23 சதவீதம் வரை இருக்கிறது. அவ்வளவு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம் கண்ணாடி மாதிரி உடையும் என்பது பாடப் புத்தகம். அதை இத்தனை மெல்லிசாக எப்படி அடித்தார்கள்? பெங்களூரில் தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சாரதா ஸ்ரீனிவாசன் இந்தக் கேள்வியைத் தொடர்ந்து ஆராய்ந்தவர். நுண்ணோக்கியில் உலோகத்தைப் பார்த்ததோடு அவர் நிற்கவில்லை. கேரளத்தில் அதே வகைக் கலவையை இன்னும் கையாளும் கைவினைஞர்களிடம் போய் அவர்கள் செய்வதைப் பார்த்துப் பதிவுசெய்தார். சிவக்கச் சூடேறிய நிலையில், ஒரு குறிப்பிட்ட வெப்ப எல்லைக்குள் அந்த வெண்கலம் இணங்கிக் கொடுக்கும். அந்தச் சூட்டிலேயே அடித்து உருவாக்கி, தண்ணீரில் சட்டென்று முக்கினால் உடையாத அமைப்பு நிலைத்துவிடும். ஆய்வுக்கூடத்தின் விளக்கத்தையும் கைவினைஞரின் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் பழங்காலக் கிண்ணம் புரிந்தது.

சுவாமிமலை ஸ்தபதிக்கும் நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறைக்காரருக்கும் உங்களுக்கும் இதில் வேறுபாடு இல்லை. உலோகம் எந்த நிறத்தில் ஊற்றத் தயாராகும், எந்தப் பாய்ச்சல் நல்ல பாய்ச்சல் என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியும். அது எழுத்தில் ஏறாதவரை உங்களோடு வேலைக்கு வந்து உங்களோடு வீட்டுக்குப் போய்விடும்.

போய்விட்டால் என்ன ஆகும் என்பதைக் காண பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டர் போனால் போதும். கோலார் தங்கவயல். தங்கமும் இரும்பல்லாத உலோகம்தான். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கி, 2001 பிப்ரவரி 28-ல் மூடப்படும்வரை அங்கே சுரங்கம் நடந்தது. 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போனார்கள். எடுத்த தங்கம் மொத்தம் சுமார் 800 டன். சிவசமுத்திரத்திலிருந்து 1902-ல் மின்சாரம் கொண்டுவந்தது அந்தச் சுரங்கத்துக்காகத்தான். இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள்.

அங்கே கோலார் தங்கவயல் சுரங்க, உலோகவியல் சங்கம் என்று ஒன்று இருந்தது. அது தன் ஏட்டை வெளியிட்டது. ஆழத்தில் பாறை அழுத்தம் தாளாமல் திடீரென்று வெடிக்கும் விபத்துகளைப் பற்றி தங்கவயல் பொறியாளர்கள் எழுதிய கட்டுரைகளை, பாறை வெடிப்பை ஆராய்கிற உலக அறிஞர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். சுரங்கம் மூடிய பிறகும் அவை வாழ்கின்றன. 1988-ல் அங்கே அமைந்த தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் அந்த அனுபவத்தின் வாரிசு.

ஆனால் தலைமுறை தலைமுறையாக இறங்கிய தொழிலாளிக்குப் பாறையின் சத்தத்தில் என்ன கேட்டது, மரத் தாங்கல் எப்படி முனகினால் ஓட வேண்டும், அரைத்த தாதுவின் குழம்பு எந்தப் பதத்தில் தங்கத்தை நன்றாக விடும் என்ற அறிவு அந்த அளவுக்கு ஏட்டில் ஏறவில்லை. சுரங்கம் மூடியதும் அவர்கள் பிள்ளைகள் விடிகாலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள், இன்றும் போகிறார்கள். சிலர் உங்கள் பட்டறையிலேயே வேலை செய்யலாம். பொறியாளர் எழுதியது நின்றது, தொழிலாளி அறிந்தது கரைந்தது. சங்கத்தில் சேரத் தயங்குகிற ஒவ்வொரு உலைக்காரரும் இதை நினைக்க வேண்டும்.

தங்கவயலில் இன்னொன்றும் மிஞ்சியது. தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மணல், ஊர் நடுவே சயனைடு மேடுகளாக நிற்கிறது. மூன்று கோடி டன்னுக்கும் மேல். காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசி வீடுகளுக்குள் வருகிறது. இதையும் உலோக அறிவியல் என்றுதான் கொள்ள வேண்டும். தூத்துக்குடியை மறந்துவிட்டு ஒரு தமிழர் இரும்பல்லாத உலோகங்களைப் பற்றி எழுத முடியாது. 2018 மே மாதம் தாமிர உருக்காலைக்கு எதிராக நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். ஆலை அந்த மாதமே மூடப்பட்டது. 2024-ல் உச்ச நீதிமன்றமும் அதைத் திறக்க அனுமதி தரவில்லை. சால்கோபைரைட் என்ற தாமிரத் தாதுவில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கந்தகம்தான். அது புகையாகப் போகாமல் பிடித்து அமிலமாக்குவது எப்படி, ஆர்சனிக் எங்கே போய்ச் சேர்கிறது, கசடு எங்கே கொட்டப்படுகிறது என்பதையெல்லாம் ஆலையின் சுவருக்கு வெளியே வசிப்பவருக்கு அவர் மொழியில் சொல்ல ஒரு நடுநிலையான இடம் வேண்டும். நிறுவனத்துக்கும் அரசுக்கும் கட்டுப்படாமல் அளவை அளவாகச் சொல்லும் கடமை தொழில்முறைச் சங்கங்களுக்கு உண்டு. அந்தக் கடமை நிறைவேற வேண்டுமானால் அங்கே பேராசிரியர் மட்டும் உட்கார்ந்திருந்தால் போதாது. ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவரும், ஆலைக்குள் வேலை செய்பவரும் இருக்க வேண்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்திய உலோகவியல் கழகத்தில் மாணவர் உறுப்பினர், ஆயுள் உறுப்பினர் என்று வகைகள் உண்டு. உங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் எது பொருந்தும் என்று கிளையில் கேளுங்கள். கட்டணம் பாரமாக இருந்தால் அவசரப்பட வேண்டாம், முதலில் பொதுச் சொற்பொழிவுகளுக்குப் போய் உட்காருங்கள். ஆங்கிலத்தில் பேசுவார்களே என்று பின்வாங்காதீர்கள். அறுத்துத் தேய்த்த ஒரு வார்ப்புத் துண்டைக் கையில் கொண்டுபோனால் உலோகவியலாளர் எவரும் அதை வாங்கிப் பார்க்காமல் இருக்க மாட்டார். சொற்பொழிவு முடிந்ததும் அந்தத் துண்டை நீட்டிக் கேள்வி கேளுங்கள். அரைகுறை ஆங்கிலமோ கன்னடமோ தமிழோ, எதில் கேட்டாலும் பதில் கிடைக்கும்.

கூடவே ஒரு நோட்டு வையுங்கள். தேதி, அன்றைய மழை, இங்காட் எந்த லாட், உருக்கிய சூடு, டீகேஸிங் எத்தனை நிமிடம், ரிஜெக்ட் எத்தனை, அதில் வாயு எத்தனை, சுருக்கம் எத்தனை என்று எழுதுங்கள். முதலாளியிடம் சொல்லிவிட்டு எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயரும் டை வரைபடமும் அதில் வேண்டாம். அவை அவருடைய சொத்து. காற்றின் ஈரமும் ஹைட்ரஜனும் யாருடைய சொத்தும் கிடையாது. ஒரு மழைக்காலமும் ஒரு கோடைக்காலமும் முடிந்தபின் அதை நாலு பக்கமாக எழுதி கிளைக்குக் கொடுங்கள். தமிழிலும் எழுதுங்கள். கோவையிலிருந்து 'கலைக்கதிர்' மாதிரி அறிவியல் இதழ்கள் தமிழில் எழுத இடம் கொடுத்த மரபு நமக்கு உண்டு.

சங்கங்களை நடத்துகிறவர்களுக்கும் இங்கேயே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வேலை நாளில் மதியம் மூன்று மணிக்குச் சொற்பொழிவு வைத்தால் ஷிப்ட் பார்ப்பவர் எப்படி வருவார்? ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பீன்யாவிலோ ஓசூரிலோ ஒரு கூட்டம் வையுங்கள். தலைப்பு, 'எங்கள் பட்டறையில் உடைந்தவை'. ஆளுக்கு ஒரு பழுதான வார்ப்பு, பத்து நிமிடப் பேச்சு, கன்னடத்திலோ தமிழிலோ. மேடையில் ஒரு பேராசிரியர், ஒரு மெல்ட்டர், ஒரு டை மேக்கர். டிப்ளமோ படித்தவர்களுக்கும் ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கும் குறைந்த கட்டணத்தில் ஒரு உறுப்பினர் வகையை உருவாக்குங்கள். அலுமினிய ஸ்கிராப்பை மறுபடி உருக்குவதற்கு, பாக்சைட்டிலிருந்து புதிதாக எடுப்பதில் இருபதில் ஒரு பங்கு ஆற்றல்தான் தேவை. அந்த மறுசுழற்சி பெருமளவு சின்னப் பட்டறைகளையும் சிறு உலைகளையும் நம்பி நிற்கிறது. அவர்களைத் தவிர்த்துவிட்டு நாட்டின் உலோகவியலை நடத்த முடியாது.

பட்டறை முதலாளிகளுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். உங்கள் ஆள் ஒரு நாள் சொற்பொழிவுக்குப் போனால் அன்றைய உற்பத்தி கொஞ்சம் குறையலாம். அவர் கொண்டுவரும் ஒரு யோசனையில் அடுத்த மழைக்காலத்து ரிஜெக்‌ஷனிலேயே அது ஈடாகிவிடும். அனுப்பிவையுங்கள், சந்தாவையும் நீங்களே கட்டுங்கள்.

நண்பரே, உங்களை அந்தச் சங்கம் தகுதி பார்த்து ஏற்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். உங்களைப் போன்றவர்கள் இல்லாத சங்கம் பாதிச் சங்கம்தான் என்பது என் முடிவு. விண்ணப்பத்தை இந்த வாரமே நிரப்பி அனுப்புங்கள். முதல் குறிப்பை எழுதியதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்
பெங்களூர்